ஈவ் ஆன்லைன்: வாலட் காலியாக இருக்கும் புது பைலட்டுக்கு

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் இஸ்க், அதாவது கேமுக்குள் ஓடும் காசு, இரண்டு வழியாகக் கைக்கு வரும்: கேம் தருவது, மற்ற ஆட்டக்காரர் தருவது. கேம் ஓட்டும் கொள்ளைக்காரக் கப்பலைச் சுட்டு வீழ்த்தினால் அதன் தலைக்கு பவுண்டி என்ற பரிசுத்தொகை உண்டு. ஏஜென்ட் என்ற கேம் கதாபாத்திரம் கொடுக்கும் மிஷனை முடித்தால் கூலி உண்டு. இவை கேமே புதிதாக அச்சடித்துத் தரும் காசு. மிச்சத்தில் பெரும்பாலானது, விண்கல் வெட்டி விற்பதோ, பழைய இடிபாட்டில் கிடைத்ததை விற்பதோ, சரக்கு ஏற்றி இறக்குவதோ, இன்னொரு ஆட்டக்காரரின் வாலட்டிலிருந்து உங்கள் வாலட்டுக்கு மாறி வரும் காசு. புதிதாக வரும் யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். மணிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், இந்தக் காசை யார் தருகிறார், அவருக்கு என்ன தேவை என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டால் பாதை தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இதை எழுதக் காரணம் என் சித்தி பையன். கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். செமஸ்டர் லீவில் ஈவை இறக்கிப் போட்டுவிட்டு வாட்ஸப்பில் கேட்டான்: "அண்ணா, எது பண்ணா சீக்கிரம் இஸ்க் சேரும்? யூடியூப்ல ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்றான்." வாய்ஸ் மெசேஜாக அனுப்பி அனுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. சரி, உட்கார்ந்து எழுதியே விடலாம் என்று தோன்றியது. தமிழில் இந்த கேமைப் பற்றி எழுதியிருப்பதும் அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது.

கேம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் உள்ள சிசிபி என்ற கம்பெனி 2003 மே 6 அன்று வெளியிட்டது. சீனாவுக்குத் தனி சர்வர். மற்ற உலகம் முழுக்க டிராங்க்விலிட்டி என்ற ஒரே சர்வரில் விளையாடுகிறது. நியூ ஈடன் என்ற அந்த அண்டத்தில் வரைபடத்தில் தெரியும் நட்சத்திர மண்டலங்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல், வார்ம்ஹோல் என்ற விண்வெளி ஓட்டை வழியாக மட்டுமே போகக்கூடியவை இன்னும் ஒரு 2,500. கப்பல், குண்டு, கப்பலில் மாட்டும் சாமான் என்று சந்தையில் இருப்பதில் மிகப் பெரும்பகுதியை ஆட்டக்காரர்களே செய்கிறார்கள், ஆட்டக்காரர்களே வாங்குகிறார்கள். உடைந்த கப்பல் உடைந்ததுதான். திரும்பப் பிறக்காது. 2016 நவம்பரிலிருந்து ஆல்ஃபா என்ற வகையில் இலவசமாகவே விளையாடலாம். மாதச் சந்தா கட்டினால் ஒமேகா. நான் இங்கே சொல்வதெல்லாம் ஆல்ஃபாவுக்கு.

நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். எந்த ஊரில் எந்தச் சரக்கு தேங்கி நிற்கிறது, எந்த ஊரில் அதற்கு ஆள் அலைகிறார்கள் என்பதுதான் பகல் முழுக்கக் காதில் விழும் பேச்சு. ஈவின் சந்தைத் திரையை முதன்முதலில் திறந்தபோது எனக்கு அது புது இடமாகவே தெரியவில்லை. இந்த கேம் எனக்குப் பிடித்துப் போனதும் அதனால்தான்.

முதல் நாளில் செய்ய வேண்டியது கேரியர் ஏஜென்ட். இதில் தயக்கமே வேண்டாம். அடிப்படைப் பாடம் முடிந்ததும் ஐந்து வகை ஏஜென்ட்களிடம் அனுப்புவார்கள்: சண்டைக்கு இரண்டு, தேடலுக்கு ஒன்று, தொழிலுக்கு இரண்டு. தொழில் ஏஜென்ட்களில் ஒருவர் வெஞ்சர் என்ற கல் வெட்டும் கப்பலைத் தருவார். தேடல் ஏஜென்ட் ப்ரோப் என்ற தேடு கருவியை விடும் கப்பல் தருவார். எல்லாம் சேர்த்து சில மில்லியன் இஸ்க், கொஞ்சம் ஸ்கில் புத்தகம், ஓடுவதற்கு ஒரு சில கப்பல் கையில் நிற்கும். நான்கு பேரரசுகளிலும் இந்த ஏஜென்ட்கள் இருக்கிறார்கள், ஒரு பேரரசில் முடித்துவிட்டு அடுத்ததில் போய் மறுபடியும் செய்யலாம். பலருக்கு இது தெரிவதில்லை. ஒன்று மட்டும் கவனம்: சண்டை ஏஜென்ட்களில் ஒருவரான சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன் ஏஜென்ட்டின் மிஷன்களில் உன் கப்பலைக் கொண்டுபோய் உடைத்துவிட்டு வா என்று கேமே சொல்லும் ஒன்று வரும். அதற்கு இலவசக் கப்பலில் போங்கள். கப்பல் போவது இந்த ஊரில் சகஜம் என்று கற்றுக் கொடுக்கத்தான் அந்த மிஷன், நன்றாக யோசித்து வைத்த பாடம் அது.

அதற்குப் பிறகு சண்டை பிடிக்கும் என்றால் சிஸ்டர்ஸ் ஆஃப் ஈவ் அமைப்பின் தொடர் மிஷன் இருக்கிறது, ஆர்னான் மண்டலத்தில் சிஸ்டர் அலிட்டூரா என்ற ஏஜென்ட்டிடம் ஆரம்பிக்கும். நீளமான தொடர். கூலி சுமார்தான், ஆனால் ஊர் ஊராகச் சுற்ற வைத்து வரைபடத்தைப் பழக்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்யலாம்.

இப்போது எல்லோரும் முதலில் கேட்கும் கல் வெட்டுதல்.

வெஞ்சரில் இரண்டு லேசர். கல் கொள்ளும் அறை 5,000 கன மீட்டர். வெல்ட்ஸ்பார் என்ற சாதாரணக் கல் ஒரு அலகு 0.1 கன மீட்டர், ஆக 50,000 அலகு நிரப்பினால் அறை நிறையும். அதுவரைக்கும் லேசர் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் புத்தகம் படிக்கலாம், படம் பார்க்கலாம். காசு மெதுவாக வரும். புது பைலட்டுக்கு இதுதான் மிகக் குறைந்த வருமானம் தரும் வேலைகளில் ஒன்று, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மனசுக்கு அமைதியாக இருக்கிறது என்பதற்காகச் செய்யுங்கள், நானும் அதற்காகத்தான் செய்கிறேன்.

ஆனால் நம் ஊர் நேரத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. எந்த வழிகாட்டிக் குறிப்பிலும் இதை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் எழுதுகிறவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். தினமும் யுடிசி நேரம் 11:00 மணிக்கு சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்புவார்கள். நமக்கு அது மாலை 4:30. நின்று எழுந்ததும், வெட்டித் தீர்ந்து போன கல் பெல்ட்டெல்லாம் மறுபடி நிறைந்துவிடும். ஐரோப்பாவில் அப்போது வேலை நேரம். அமெரிக்காவில் விடிந்தும் விடியாமலும் இருக்கும். டீயைக் குடித்துவிட்டு 4:45க்கு உள்ளே நுழைந்தால் பெல்ட்டில் கல் முழுசாக மிதக்கிறது, போட்டிக்கு ஆளே இருக்காது. அமெரிக்கக்காரர் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போது, நெரிசலான மண்டலங்களில் பொடிக்கல் மட்டும் மிச்சம் இருக்கும். நமக்கு இயல்பாக வாய்த்த நேரத்தை விடக்கூடாது.

இந்தக் கல்லை யார் வாங்குகிறார்கள்? இதற்கு விடை தெரிந்தால் கல் வெட்டுவதும் சுவாரசியமாகிவிடும். 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் ஒரு ஆட்டக்காரர் கூட்டணி கட்ட வேண்டிய பராமரிப்பு பில் கட்டப்படாமல் போனது. அவர்கள் கைவசம் இருந்த ஸ்டேஷன் பாதுகாப்பை இழந்தது. எதிரிகள் இறங்கினார்கள், இவர்களும் இறங்கினார்கள், சுமார் 21 மணி நேரம் சண்டை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் கலந்துகொண்டார்கள். கேமின் மிகப் பெரிய வகைக் கப்பலான டைட்டன் 75 உடைந்து போனது. சேதத்தை நிஜப் பணத்தில் மாற்றிப் பார்த்தபோது மூன்று லட்சம் டாலருக்கு மேல் வந்தது, அன்றைய செய்திகளில் அந்தத் தொகைதான் தலைப்பு. அந்த 75 டைட்டன்களும் யாரோ வெட்டிய கல்லை உருக்கிக் கட்டியவை. திரும்பக் கட்ட வேண்டும் என்றால் மறுபடி கல் வேண்டும். டிரிட்டேனியம் என்ற உலோகம் இல்லாமல் சின்னக் கப்பல்கூட நிற்காது, அந்த டிரிட்டேனியம் வெல்ட்ஸ்பாரிலிருந்து வருகிறது. ஆக, எங்கோ தூரத்தில் இரண்டு கூட்டணி முறைத்துக்கொண்டால் உங்கள் பெல்ட்டில் இருக்கும் கல்லுக்கு விலை வரும். சண்டைச் செய்தியைப் படிப்பதும் சம்பாதிப்பதில் சேர்ந்ததுதான்.

சரி, நான் புது பைலட்டுக்கு உண்மையில் சிபாரிசு செய்வது தேடல், எக்ஸ்ப்ளோரேஷன். முதலீடு குறைவு, கற்றது கையில் தங்கும், ஆல்ஃபாவுக்கும் ஒமேகாவுக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லாத தொழில் இது. ஹெரான், மாக்னேட், இமிக்கஸ், ப்ரோப் (இது கப்பலின் பெயர், தேடு கருவி வேறு), இந்த நான்கில் உங்கள் பேரரசுக் கப்பல் எதுவோ அது. அதில் மாட்ட ப்ரோப் விடும் கருவி, பூட்டிய பெட்டிகளைத் திறக்க ரெலிக் அனலைசர், டேட்டா அனலைசர். எல்லாம் சேர்த்துச் சில மில்லியன்தான் ஆகும்.

போலீஸ் காவல் உள்ள ஹை-செக் மண்டலங்களிலேயே தேடலாம், ஆனால் அங்கே கிடைப்பது சில்லறை. ஒரு வார்ம்ஹோலைக் கண்டுபிடித்து உள்ளே போனால்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். நுழைந்ததும் முதல் வேலை, வந்த ஓட்டையை புக்மார்க் போட்டுக்கொள்வது. போடாமல் நகர்ந்துவிட்டால் வெளியே வர வழியை மறுபடி ஸ்கேன் பண்ணித்தான் தேட வேண்டும். அப்புறம் ப்ரோப்களை விரித்து, மறைந்திருக்கும் இடங்களின் சிக்னேச்சர்களை ஒவ்வொன்றாக நெருக்கி நூறு சதவீதம் கொண்டுவர வேண்டும். பெயர் தெரிந்தவுடன் நிதானமாகப் படியுங்கள். "ரூயின்டு" என்று ஆரம்பித்து ஏஞ்சல், குரிஸ்டாஸ், சான்ஷா மாதிரி கொள்ளைக்காரர் பெயர் தொடர்ந்து வந்தால் அங்கே காவலுக்கு யாரும் இல்லை, தாராளமாகப் போகலாம். "ஃபர்காட்டன்", "அன்செக்யூர்டு" என்று ஆரம்பித்தால் ஸ்லீப்பர்கள் என்ற கேமின் காவல் கப்பல்கள் இருக்கும் இடம், இந்தக் கப்பலை நொடியில் பொடியாக்கிவிடும். தொடாதீர்கள்.

ரெலிக் பெட்டியைத் திறப்பது ஒரு சின்ன விளையாட்டு. முனைகள் வலைபோல விரிந்திருக்கும், ஒவ்வொன்றாக அழுத்தித் திறந்துகொண்டே போய் சிஸ்டம் கோரைக் கண்டுபிடித்து உடைக்க வேண்டும். திறந்த முனையில் ஒரு எண் தெரியும். பக்கத்தில் எதாவது முக்கியமானது எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதற்கான குறிப்பு அது. நடுவில் ஃபயர்வால், ஆன்டிவைரஸ் என்று முட்டுக்கட்டைகள். ரெஸ்டோரேஷன் நோட் என்று ஒன்று வரும், அதை மட்டும் வளரவிடக் கூடாது, கண்ட உடனே அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மற்ற முட்டுக்கட்டைகளுக்குத் திரும்பத் திரும்பத் தெம்பு ஏற்றிக்கொண்டே இருக்கும். ஓரமாக இருக்கும் முனைகளை முதலில் திறந்து நடுவுக்கு வருவது என் பழக்கம். இரண்டு முறை தோற்றால் பெட்டி வெடித்துப் போய்விடும்.

இதெல்லாம் நடக்கும்போது கண் இன்னொரு பக்கமும் இருக்க வேண்டும். வார்ம்ஹோலில் லோக்கல் சாட்டில் யார் இருக்கிறார் என்று காட்டாது. பேசினால்தான் பெயர் தெரியும், வேட்டைக்கு வந்தவர் பேச மாட்டார். இருக்கும் ஒரே துணை டி-ஸ்கேன். 14.3 ஏயு (ஒரு ஏயு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) தூரத்துக்குள் மறையாமல் இருக்கும் கப்பலையும் ப்ரோப்பையும் காட்டும். சில நொடிக்கு ஒரு முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ராத்திரி சி2 வகை வார்ம்ஹோல் ஒன்றில் ரெலிக் இடத்தில் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தேன். இன்டாக்ட் ஆர்மர் ப்ளேட்ஸ் இரண்டு வந்திருந்தது. பார்க்க உடைந்த தகடு மாதிரி இருக்கும், ஆனால் கப்பலில் பொருத்தும் ரிக் என்ற மேம்பாட்டுச் சாமானின் உயர் வகையைச் செய்ய அது வேண்டும், அதனால் நல்ல விலை. இன்னும் இரண்டு பெட்டி பாக்கி. டி-ஸ்கேன் அழுத்தினேன், பட்டியலில் காம்பாட் ஸ்கேனர் ப்ரோப் என்று நான்கைந்து வரிசையாக வந்து நின்றது. ஒரு நொடி முன்பு அது இல்லை. அந்த ப்ரோப் கப்பலையும் தேடிப் பிடிக்கும். ஹேக் விண்டோவைத் திறந்தபடியே விட்டுவிட்டு புக்மார்க்குக்கு வார்ப், அதாவது அதிவேகப் பாய்ச்சல், கொடுத்தேன். ஓட்டைக்கு வந்து குதித்து ஹை-செக்கில் இறங்கியபோது கையில் இருந்த சரக்கு பத்து மில்லியனைத் தாண்டியிருந்தது, நம் கணக்கில் ஒரு கோடி. நாலு கோடிக்கு வாய்ப்பிருந்த இடத்தில் ஒரு கோடியோடு வந்தாலும் அது லாபம்தான். தேடலில் நிலைத்து நிற்பவர்கள் எல்லோரும் பாதியில் எழுந்து வரத் தெரிந்தவர்கள்.

இங்கேயும் அதே கேள்வியைப் போடுங்கள். அந்தத் தகட்டுக்கு யார் காசு தருகிறார்? ரிக் செய்கிறவர். அவருக்கு அது தினமும் வேண்டும், ஆனால் வார்ம்ஹோலில் டி-ஸ்கேன் அழுத்திக்கொண்டு உட்கார நேரமில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடம் ஜிட்டா. ஃபோர்ஜ் பிராந்தியத்தில், நான்காவது கிரகத்தின் நான்காவது நிலவில், கால்டாரி நேவியின் ஸ்டேஷன். எல்லோரும் ஜிட்டா 4-4 என்பார்கள். இதைச் சந்தை ஆக்க வேண்டும் என்று கேம் செய்தவர்கள் முடிவு செய்யவில்லை. ஆரம்ப வருடங்களில் யூலை என்ற மண்டலம்தான் பெரிய சந்தை. நட்சத்திர வழிகளை மாற்றியதும் அங்கே போவது சுற்று ஆகிவிட்டது, வியாபாரிகள் ஜிட்டாவுக்கு நகர்ந்தார்கள். அதிலிருந்து இன்றுவரை அங்கேதான்.

ஜிட்டாவில் அவசரப்பட்டு, வாங்குகிறவர் முன்பே விலை சொல்லி வைத்திருக்கும் பை ஆர்டருக்குத் தள்ளிவிடாதீர்கள். பை ஆர்டருக்கும் செல் ஆர்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி பல பொருளுக்குப் பெரிது. உங்கள் விலையைச் சொல்லி செல் ஆர்டர் போட்டு ஒரு நாள் காத்திருந்தால் அந்த இடைவெளி உங்களுக்கு. முன்பெல்லாம் 0.01 இஸ்க் குறைத்துக் குறைத்து ஆர்டரை நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கும் தொல்லை இருந்தது. 2020இல் அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது விலையின் முதல் நான்கு இலக்கத்துக்குள் மாற்றம் தெரிய வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய நிம்மதி. விற்பனை வரியைக் குறைக்கும் அக்கவுன்டிங் ஸ்கில்லை முடிந்தவரை சீக்கிரம் ஏற்றிவிடுங்கள். பின்னால் விற்கும் ஒவ்வொரு பொருளிலும் அது மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

அடுத்து, எனக்கு மனசுக்கு நெருக்கமான வழி. ஜிட்டாவில் எல்லாம் மலிவு. ஆனால் புது பைலட் இருக்கும் ஊர் ஜிட்டா இல்லை. அவர் கேரியர் ஏஜென்ட் இருக்கும் ஸ்டேஷனில் நிற்கிறார். கப்பல் உடைந்துவிட்டது, ப்ரோப் தொலைந்துவிட்டது, ஆஃப்டர்பர்னர் வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஜம்ப், அதாவது அத்தனை மண்டலம் தாண்டிப் போய் வாங்கிவர அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் பொறுமை இல்லை. அந்த ஸ்டேஷனில் அந்தச் சாமானை வைத்திருப்பவரிடம் அவர் வாங்குவார். கோர் ஸ்கேனர் ப்ரோப், ஹாப்காப்ளின் ட்ரோன், சின்னத் துப்பாக்கிக்கான குண்டு, சால்வேஜர், ஆஃப்டர்பர்னர், இவ்வளவுதான். இடத்தை அடைக்காத சாமான், ஃப்ரிகேட் என்ற சின்னக் கப்பலில் போட்டே கொண்டுபோகலாம். நான் ஜிட்டா விலைக்கு மேல் முப்பது சதவீதம் வைக்கிறேன். பக்கத்திலேயே ஐந்து மடங்கு வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. புதிதாக வந்தவரிடம் அவர் முதல் மில்லியனையே பிடுங்கிக்கொண்டால் அவர் கேமை விட்டே போய்விடுவார், அப்புறம் நாளைக்கு யார் வாங்குவார்? முப்பது சதவீதத்தில் எனக்கும் தாராளமாக நிற்கிறது, சரக்கும் வேகமாகப் போகிறது.

சரக்கு ஏற்றும் கூரியர் கான்ட்ராக்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது என் சொந்தத் தொழில் ஆயிற்றே. யாரோ ஒருவரின் பெட்டியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால் கூலி. ஏற்றுவதற்கு முன் நீங்கள் ஒரு ஈட்டுத்தொகை கட்ட வேண்டும், ஒப்படைத்ததும் திரும்ப வரும். ஒப்படைக்க முடியாவிட்டால் போனது போனதுதான். கூலி கண்ணைப் பறிக்கும் அளவுக்கு இருந்தால் மூன்று தடவை பாருங்கள்: இறக்கும் இடம் தனியாருக்குச் சொந்தமான ஸ்டேஷனா? அப்படியென்றால் நீங்கள் வந்து சேர்வதற்குள் உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிட அவர்களால் முடியும், ஈடு அவர்களுக்கு. நடுவில் காவல் குறைந்த லோ-செக் மண்டலம் வருகிறதா? வழியில் ஆள் காத்திருப்பார்கள். இதெல்லாம் இந்த கேமின் விதிப்படி குற்றமே இல்லை. நம் ஆபீஸில் ஒரு வண்டி காலியாகத் திரும்பினால் டீசல் காசு நட்டம், அதனால் ரிட்டர்ன் லோடு கிடைக்குமா என்றுதான் முதலில் பார்ப்போம். ஜிட்டாவிலிருந்து வெளியே போகும் கான்ட்ராக்ட் ஒன்று எடுத்தால், அதே பக்கத்திலிருந்து ஜிட்டாவுக்கு வரும் ஒன்றையும் சேர்த்து எடுங்கள். ஜம்ப் எண்ணிக்கை அதேதான், கூலி இரண்டு.

சரக்குக் கப்பலை ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு எழுந்து போகவே கூடாது. ஆட்டோபைலட், மண்டலங்களை இணைக்கும் ஒவ்வொரு கேட்டுக்கும் பல கிலோமீட்டர் முன்னால் கொண்டுபோய் இறக்கி, மிச்சத்தை ஊர்ந்து போகும். ஹை-செக்கில் கான்கார்டு போலீஸ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். கான்கார்டு குற்றத்தைத் தடுக்காது, குற்றம் செய்தவரைத் தண்டிக்கும். அந்த இடைவெளியில் கேட்டலிஸ்ட் என்ற மலிவான தாக்குதல் கப்பல் நான்கைந்து வந்து உங்களை உடைத்துவிட்டு, தங்கள் கப்பலையும் கான்கார்டிடம் கொடுத்துவிட்டு, சிதறிய சரக்கை அள்ளிக்கொண்டு போவார்கள். உங்கள் சரக்கின் மதிப்பு அவர்கள் இழக்கும் கப்பல்களின் விலையைவிடக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே கையால் ஓட்டுங்கள், ஒரே தடவையில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள்.

ஜிட்டாவில் இறங்கியதும் லோக்கல் சாட்டில் "எனக்கு இஸ்க் அனுப்பு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று ஓடிக்கொண்டே இருக்கும். சின்னத் தொகையைத் திருப்பித் தருவார்கள், பெரிய தொகை வந்ததும் மறைந்துவிடுவார்கள். சித்தி பையனும் கேட்டான், "அண்ணா, ஒரு மில்லியன் போட்டுப் பாக்கலாமா?" வேண்டாம் என்று சொன்னேன். கான்ட்ராக்ட் விண்டோவில் படம் ஒரே மாதிரி இருக்கும் கப்பலை நேவி கப்பல் விலைக்குப் போட்டிருப்பார்கள். பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள், பூஜ்யங்களை எண்ணுங்கள்.

நிஜக் காசு கொடுத்து வெளி ஆட்களிடம் இஸ்க் வாங்குவது பற்றி அவன் கேட்கவில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். அது தடை. கணக்கு போய்விடும். 2009இல் ஆட்டக்காரர்களே நடத்திய ஈபேங்க் என்ற வங்கியின் பொறுப்பில் இருந்த ஒருவர், மற்றவர்கள் போட்டு வைத்திருந்த இஸ்கை எடுத்து வெளியே நிஜப் பணத்துக்கு விற்றார். கேமுக்குள் திருடியதற்காக அல்ல, வெளியே விற்றதற்காகத்தான் சிசிபி அவரை வெளியேற்றியது. முறையான வழி ப்ளெக்ஸ். கம்பெனியிடம் காசுக்கு வாங்கி, கேம் சந்தையில் இன்னொருவருக்கு இஸ்குக்கு விற்கலாம். 500 ப்ளெக்ஸ் இருந்தால் ஒரு மாதம் ஒமேகா. ஆனால் இஸ்க் சேர்த்தே மாதா மாதம் ப்ளெக்ஸ் வாங்கிவிடலாம் என்று புதிதில் இறங்காதீர்கள். 500 ப்ளெக்ஸுக்குப் பில்லியன் கணக்கில் ஆகும். விளையாட்டு போய் அதுவே இரண்டாவது வேலை ஆகிவிடும், அப்படிச் சலித்து விலகிப் போன நல்ல ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆல்ஃபாவுக்கு இலவசப் பயிற்சி ஐந்து மில்லியன் ஸ்கில் பாயின்ட்டோடு நின்றுவிடும். அதை எட்டும் வரை சந்தாவைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

தனியாகவே ஓட்டிக்கொண்டிருக்காமல் ஒரு கார்ப்பில், அதாவது ஆட்டக்காரர்கள் நடத்தும் கம்பெனியில், சேர்ந்துவிடுவதும் சம்பாத்தியம்தான். ஈவ் யுனிவர்சிட்டி 2004லிருந்து புதியவர்களுக்குப் பாடம் நடத்துகிறது, அவர்கள் விக்கியை நான் இன்றும் திறக்காத வாரமில்லை. பெரிய கூட்டணிகளின் புதுமுக கார்ப்புகள் சில, கடமைக்குப் போய் உடைந்த கப்பலுக்கு ஈடு கொடுக்கும். சின்னக் கப்பல்களைச் சும்மாவே தரும் இடங்களும் உண்டு.

நேற்று ராத்திரி சித்தி பையனிடமிருந்து மெசேஜ். நான்கு ஹை-செக் வார்ம்ஹோல் சுற்றி, சேர்த்ததை ஜிட்டாவில் செல் ஆர்டர் போட்டிருக்கிறான். "நூறு மில்லியன் தாண்டிடுச்சு அண்ணா, க்ரூஸர் வாங்கட்டா?" அது இன்னும் பெரிய கப்பல், வாங்காதேடா என்றேன். ஐந்து ஹெரானை முழுசாகச் சாமான் மாட்டி, நீ கிளம்பும் ஸ்டேஷனிலேயே வரிசையாக நிறுத்தி வை. ஒன்று போனால் அடுத்த நிமிடமே இன்னொன்றில் கிளம்பலாம். மிச்சத்தில் பாதியை ப்ரோப்பும் ட்ரோனுமாக வாங்கி, நீ கேரியர் மிஷன் செய்த ஸ்டேஷனில் விற்பனைக்குப் போடு. மீதியைத் தொடாமல் வாலட்டில் வை. க்ரூஸரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். "அப்போ அந்த ஸ்டேஷன்ல உன் விலையைவிடக் கம்மியா போடுவேன், பரவாயில்லையா?" என்று கேட்டான். தாராளமாகப் போடு என்று சொல்லியிருக்கிறேன். இன்று சாயங்காலம் 4:45க்கு உள்ளே போனதும் முதலில் அவன் என்ன விலை போட்டிருக்கிறான் என்று பார்க்க வேண்டும்.